காபனீரொட்சைட்டும் கெமிஸ்தமும்: யாழ்ப்பாணத்தில் நான்கு நாள்

முதல் நாள்: பலாலி, நல்லூர்

சென்னையில் ஏறி உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் பலாலி விமான நிலையம் வந்துவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரவு ரயில்தான் உண்மையில் நீண்ட பயணம்.

குடிவரவுப் படிவத்தில் வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'சுற்றுலா' என்று எழுதினேன். '1875இல் அச்சான ஒரு வேதியியல் புத்தகத்தைப் பார்க்க' என்று எழுதியிருந்தால் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள்.

விஷயம் அதுதான். திருமங்கலம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபது வருடமாக வேதியியல் நடத்துகிறேன், தமிழ் வழியில். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு பிரிவும் தமிழ். இப்போது ஒன்றுதான் தமிழ், அதிலும் பாதி பெஞ்சு காலி. "கெமிஸ்ட்ரியைத் தமிழ்ல படிச்சு என்ன மிஸ் ஆகப்போகுது?" என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம் சொல்ல என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னாலேயே யாழ்ப்பாணத்தில் ஓர் அமெரிக்க டாக்டர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் நடத்திக் காட்டினார், பாடப்புத்தகமும் போட்டார் என்பேன். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்று பெயர். (இங்கே எல்லோரும் கிறீன் என்றுதான் எழுதுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.) பார்க்காத ஊரைச் சாட்சிக்கு இழுத்து இத்தனை வருடம் பேசியாயிற்று, ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன்.

வாசலில் பிடித்த ஆட்டோக்காரரையே நான்கு நாளைக்கும் பேசிக்கொண்டேன். என் தமிழைக் கேட்டு முதலில் சிரித்தார். "சினிமா பாக்கிற மாதிரி இருக்கு அக்கா, நீங்க கதைக்கிறது." அவர் பேசுவது எனக்குப் பழைய வானொலி நாடகம் கேட்பதுபோல இருந்தது, ஆனால் சொல்லவில்லை. மகள் உயர்தரம் (நம் பிளஸ் டூ மாதிரி) படிக்கிறாளாம், பயோ. நான் கெமிஸ்ட்ரி டீச்சர் என்று தெரிந்ததும், "போறத்துக்குள்ள ஒருக்கா வீட்ட வரவேணும்" என்றார். அதற்குப் பிறகு கூலியைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நல்லூரில் அறை. மாலை பிளேன்ரீ, அதாவது பாலில்லாத தேநீர். வெயில் நம் ஊர் வெயில்தான், காற்று மட்டும் உப்பு.

இரண்டாம் நாள்: வட்டுக்கோட்டை

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் பனை, நடுநடுவே கூரையில்லாத வீடுகள். அவற்றைப் பற்றி ஆட்டோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1816இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கென்று ஒரு செமினறியைத் தொடங்கினார்கள். இப்போது அந்த வளவில் (வளாகத்தில்) யாழ்ப்பாணக் கல்லூரி இருக்கிறது. பக்கத்துத் தேவாலயத்தின் சுவர்கள் முருகைக்கல். கடலில் விளையும் பவளக் கல்லுக்கு இங்கே அந்தப் பெயர். கிட்டப்போய்ப் பார்த்தால் கல்லுக்குள் பூச்சிக்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள். சுண்ணாம்புதானே, கொஞ்சம் அமிலம் ஊற்றினால் நுரைக்கும் என்று மனது தானாகப் போயிற்று. வாத்தியார் புத்தி.

செமினறியில் யூக்கிளிட், அல்ஜீப்ரா, இயற்கைத் தத்துவம் (இன்றைய இயற்பியல்), வானியல் எல்லாம் ஆங்கிலத்தில். கூடவே தமிழ் இலக்கியம், சமஸ்கிருதம். பையன்களின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரைப் பையன்களுக்கே சூட்டியிருக்கிறார்கள். கரோல் விசுவநாதபிள்ளை என்றால் அந்தக் கரோல் அப்படி வந்ததுதான். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தவர் என்பது நமக்குத் தெரியும். ஆனால் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்று தமிழில் ஓர் அல்ஜீப்ராப் புத்தகம் போட்டார் என்பதை எங்கள் ஊர்க் கணக்கு வாத்தியார்கள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இங்கே எனக்குத் துணைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்ரர்'. எண்பதை நெருங்கியும் சைக்கிளில்தான் வந்தார். என்னைப் 'பிள்ளை' என்றார். நாற்பத்தாறு வயதில் அது இன்னொரு சுகம்.

வளவுக்குள் மரத்தடியில் நின்றுகொண்டு 1829ஆம் வருடத்துக் கிரகணக் கதையைச் சொன்னார். அப்போது செமினறி அதிபர் தானியேல் பூர். பிறகு மதுரைக்கு வந்து ஊரைச் சுற்றிப் பள்ளிக்கூடங்கள் தொடங்கியவர், ஆகையால் எங்களுக்கும் கொஞ்சம் சொந்தக்காரர். பக்கத்து ஊர் அராலியில் விசுவநாத சாஸ்திரியார், பஞ்சாங்கம் கணிக்கும் பரம்பரை. அந்த வருடம் மார்ச் 20ஆம் தேதி மாலையில் சந்திர கிரகணம். பஞ்சாங்கம் சொன்ன தொடக்க நேரத்தில் கால் மணி பிசகு இருக்கிறது, மறைப்பின் அளவும் தப்பு என்று பூர் முன்கூட்டியே ஊருக்கு அறிவித்துவிட்டார். அன்று மாலை நிலவு பூரின் கணக்குப்படிதான் மங்கியது.

"வெள்ளைக்காரன் வெண்டான், சாத்திரியார் தோத்தார் எண்டு கதையை முடிச்சுப்போடுவினம்" என்றார் மாஸ்ரர். "நான் அப்பிடி முடிக்கமாட்டன். சாத்திரியாரிட்ட என்ன இருந்தது? தொலைகாட்டி இருந்ததோ? மடக்கை அட்டவணை இருந்ததோ? வாக்கியம்தான் இருந்தது."

வாக்கியப் பஞ்சாங்கம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். 'வாக்கியம்' என்றால் என்ன என்று நேற்றுவரை யோசித்ததில்லை. சந்திரன் நாளுக்கு நாள் எவ்வளவு நகர்கிறது என்பதை 248 நாளைக்கு 248 சின்ன வாக்கியங்களாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். சந்திரன் வேகம் கூடிக் குறையும் சுற்று ஒன்பது முடிந்தால் ஏறக்குறைய 248 நாள், பிறகு மறுபடி முதல் வாக்கியம். சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கும், உள்ளே எண் ஒளிந்திருக்கும். மாஸ்ரர் ஈர்க்குக் குச்சியால் மண்ணில் முதல் வாக்கியத்தை எழுதினார்: 'கீர்ந: ச்ரேய:'. எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறைப்படி உயிர்மெய்யில் மெய்க்குத்தான் மதிப்பு, கூட்டெழுத்தில் கடைசி மெய்க்கு மட்டும். கீ மூன்று, ந சுழியம், ரே இரண்டு, ய ஒன்று. வலமிருந்து வாசித்தால் 1, 2, 0, 3. அதாவது 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை). முதல் நாள் சந்திரன் நகரும் தூரம்.

நான் கையோடு ஒரு சந்தேகம் கேட்டேன். ka, ga இரண்டு ஒலிக்கும் நம்மிடம் 'க' என்று ஒரே எழுத்துதானே, அதை ஒன்று என்பதா மூன்று என்பதா? "அதுதான் பிள்ளை, தமிழ் எழுத்தில எழுதினா எல்லாம் குழம்பிப்போம். கிரந்தம் வேணும், இல்லாட்டி காது வேணும்." காதில் விழுந்த உச்சரிப்பு சரியாக இருந்தால் கணக்கும் சரியாக வரும். அப்பன் சொல்ல மகன் திருப்பிச் சொல்வது.

வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1825இல் சென்னையில் அச்சான தன் நூலில் எழுதிவைத்த ஒரு காட்சியும் இதோடு சேரும். புதுச்சேரிப் பக்கம் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி நகர்த்தி, அட்டவணை எல்லாம் மனப்பாடமாகவே வைத்துக்கொண்டு, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரம் நான்கு நிமிடம்தான் தள்ளிப்போனது. ஆனால் முடிவு நேரம் முக்கால் மணிக்கு மேல் பிசகிவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

அந்த முறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று தெரியாமலே கணிக்கலாம். அதனால் எந்த ஊர்த் திண்ணையிலும் கணிக்கலாம். ஆனால் பிசகு சேரச் சேர, எங்கே திருத்துவது என்று கேட்க ஆளில்லை. செமினறியில் திருத்தத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பூருக்குப் பின் வந்த ஹொய்சிங்டன் 1848இல் நம் சோதிட கணிதத்தையே தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக அச்சிட்டார். எதிரியின் கணக்கை முழுசாகக் கற்றுக்கொண்டு எழுதிய புத்தகம்.

செமினறி 1855இல் மூடப்பட்டது, 32 வருடம். பணமில்லாமல் மூடியிருப்பார்கள். அராலி மரபில் வந்த வாக்கியப் பஞ்சாங்கம் இன்னும் வருடா வருடம் அச்சாகிறது.

மூன்றாம் நாள்: மானிப்பாய்

முதலில் ஒரு திருத்தம். நேற்றுச் செமினறி பணமில்லாமல் மூடப்பட்டிருக்கும் என்று எழுதிவிட்டேன். மாஸ்ரர் இரவே தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். பணம் ஒரு சாக்கு. பாஸ்டனிலிருந்து வந்த மிஷன் மேலிடத்துக் குழு, ஆங்கிலம் படித்த பையன்கள் அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடுகிறார்கள், ஊழியத்துக்கு ஆள் தேறவில்லை, இனித் தாய்மொழிப் பள்ளிகள் போதும் என்று முடிவெடுத்தது. தமிழ் வழிக்கு ஆதரவாக ஒரு முடிவு. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷப்படுவதா இல்லையா என்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்தார் கொதித்துப் போயிருப்பார்கள்.

இந்த நெருடலோடுதான் காலையில் மானிப்பாய் போனேன்.

கிறீன் 1847இல் இருபத்துநான்கு, இருபத்தைந்து வயதில் வந்தவர். மறுவருடம் மானிப்பாயில் மருந்தகத்தோடு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். முதலில் நடத்தியது ஆங்கிலத்தில்தான். அதை நான் இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. தமிழுக்கு முழுசாக மாறியது 1864 வாக்கில், ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு. அதற்கு முன்பே புத்தகங்களைத் தொடங்கிவிட்டார். 1852இலேயே முதல் உடற்கூற்றுப் புத்தகம். 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம். கடைசியாகச் சொன்னது வேறொன்றுமில்லை, கிரேயின் அனாட்டமி. லண்டனில் 1858இல் வெளிவந்த நூல் பதினான்கே வருடத்தில் தமிழில். 1875இல் நான் தேடிவந்த 'கெமிஸ்தம்'. அதற்குள் அவர் அமெரிக்கா திரும்பிவிட்டார். அங்கே வூஸ்டரில் உட்கார்ந்துகொண்டும் தமிழ்ப் பக்கங்களைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அதில் சில புத்தகங்கள் நாகர்கோவிலில் அச்சாகின. 1884இல் இறந்தார். அவர் தனி ஆளாகச் செய்ததும் இல்லை, மொழிபெயர்ப்பில் பெரும் பங்கு அவருடைய மாணவர்களுடையது. சொற்களுக்கும் தயார் நிலம் இருந்தது. 58,500 சொற்களோடு மானிப்பாய் அகராதி 1842இலேயே வந்துவிட்டது.

அவர் பெயரில் உள்ள மருத்துவமனை இன்றும் இருக்கிறது. வெளிநோயாளர் வரிசையில் ஒரு பாட்டி டாக்டரிடம், "வயித்துக்க எதோ உருளுது ஐயா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் படித்த டாக்டர் அதை எந்தப் பெயரில் எழுதிக்கொண்டாரோ.

அங்கிருந்து ஒரு பழைய வீடு. இந்த வீட்டுக்காரரின் கொள்ளுப்பாட்டனார் கிறீனிடம் தமிழில் படித்துத் தேறியவர். கிறீன் தயார்செய்த அறுபத்திச்சொச்சம் வைத்தியர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள் என்பது கணக்கு, அதில் ஒருவர். வீட்டம்மா இடியப்பமும் சொதியும் பரிமாறி, கை கழுவிய பிறகுதான் புத்தகத்தைக் கண்ணில் காட்டினார். அதற்குள் வேட்டித் துணியில் சுற்றி மேசையில் வைத்திருந்தார்கள்.

மனுஷ அங்காதிபாதம். கையில் எடுத்தால் செங்கல் கனம். முதுகுத் தோல் உரிந்து, கறையான் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நூறு பக்கத்துக்குச் சுரங்கம் போட்டிருந்தது. நான் பேப்பரை முகர்ந்து பார்த்ததைப் பார்த்து வீட்டுக்காரர், "எல்லாரும் அதைத்தான் செய்யினம்" என்றார். அங்காதிபாதம் என்றால் உடற்கூறு, சுகரணம் என்றால் உடலியங்கியல், உற்பாலனம் என்றால் சுகாதாரம். உண்மையைச் சொன்னால், தமிழ் வழி வாத்தியாரான எனக்கே முதல் வாசிப்பில் பாதி விளங்கவில்லை. தமிழில் சொல் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் சரிப்படாவிட்டால் ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது என்று ஒரு வரிசை வைத்திருந்தார்கள். கெமிஸ்ட்ரி கெமிஸ்தம் ஆனது அப்படி. தனித்தமிழ்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது. சொல் கிடைக்கும்வரை பாடத்தை நிறுத்திவைக்கவில்லை, அந்த மட்டில் அவர் நல்ல வாத்தியார்.

பக்கங்களைப் புரட்டும்போது கண்ணில் பட்டதுதான் இன்றைய நாள் முழுவதும் மனதில் நிற்கிறது. ஓரங்களில் பென்சில் எழுத்து. கொள்ளுப்பாட்டனார் கையெழுத்து. ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் பக்கத்தில் ஆங்கிலப் பெயரை எழுதிவைத்திருக்கிறார், பொடி எழுத்தில், வரி தப்பாமல்.

"ஏன் இங்கிலீஷில எழுதினவர்?" என்று அவர்கள் தமிழிலேயே கேட்க முயன்றேன்.

"வேற எப்பிடி? மருந்துப் போத்தில்ல என்ன எழுதியிருந்தது? கொழும்பில 1870இல மருத்துவப் பள்ளி துவங்கீட்டாங்கள், எல்லாம் இங்கிலீஷ். இவருக்கு மதிப்பு வேணுமே."

கிறீன் ஏன் தமிழுக்கு மாறினார் என்று நான் மேடையில் சொல்லும் காரணம், தாய்மொழியில்தான் விளங்கும் என்பது. அது பொய்யில்லை. ஆனால் அவரே எழுதிவைத்த இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் படித்தவன் அரசாங்கச் சம்பளத்துக்குப் போய்விடுவான், தமிழில் படித்தவன் தன் கிராமத்திலேயே நிற்பான். தன் மாணவர்கள் வேட்டி சால்வையிலேயே இருக்கவேண்டும் என்றுகூட விரும்பினார். நல்ல எண்ணம்தான், ஊருக்கு வைத்தியர் கிடைத்தார். ஆனால் ஊரைவிட்டுப் போக நினைத்த பையனிடம் யார் கேட்டார்கள்? அவனுக்குத் தமிழ் ஒரு வேலியாகவும் இருந்திருக்கும். கொள்ளுப்பாட்டனார் அந்த வேலியில் பென்சிலால் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

இதை எழுதும்போது என் மகன் பதினொன்றாம் வகுப்பு ஆங்கில வழியில் படிக்கிறான் என்பதையும் எழுதிவிடவேண்டும். என் பள்ளியில் இல்லை.

கெமிஸ்தம் அந்த வீட்டில் இல்லை. முகப்புப் பக்கத்தின் ஒளிநகல் ஒன்று மட்டும் கோப்பில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான்காம் நாள்: யாழ் நகரம், பலாலி

காலையில் பொது நூலகம். வெள்ளை வெளேரென்று நிற்கிறது. 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. உள்ளே பள்ளிப் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் கெமிஸ்தம் கேட்கத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.

கடைத்தெருவில் பஞ்சாங்கம் கேட்டால், "வாக்கியமோ திருக்கணிதமோ?" என்றார் கடைக்காரர். திருக்கணிதம் என்றால் திருத்திய கணக்கு. இரண்டும் வாங்கினேன். பண்டிகைத் தேதி எதன்படி என்று இங்கே இன்னமும் சண்டை நடக்குமாம். 1829 முடியவே இல்லை.

மதியம் ஆட்டோக்காரர் வீடு. மகள் தயாராகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பாடத்தின் பெயர் இரசாயனவியல். முதல் பக்கத்திலேயே நான் தடுமாறினேன். ஒட்சிசன், ஐதரசன், நைதரசன். எலக்ட்ரான் இங்கே இலத்திரன். கார்பன் டை ஆக்சைடுக்கு 'காபனீரொட்சைட்டு'. வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். காபன், ஈர், ஒட்சைட்டு. இரண்டு என்பதை 'ஈர்' என்று புணர்ச்சியோடு உள்ளே செருகி வைத்திருக்கிறார்கள்! எங்கள் புத்தகத்தில் அது 'டை' என்று அப்படியே கிடக்கிறது. பிள்ளை அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப நீங்கள் இங்கிலீஷைத் தமிழில எழுதி வச்சிருக்கிறியள், மிஸ்." கெமிஸ்தத்தின் வாரிசு நாங்கள்தான் போலிருக்கிறது.

சமநிலைக் கணக்கு ஒன்றரை மணி நேரம் போட்டோம். சொல்லுக்குச் சொல் முட்டினாலும், தாளில் குறியீட்டை எழுதியதும் இருவருக்கும் வழி தெரிந்தது. மெடிக்கல் கிடைத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும் என்றாள். அங்கே மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது, கற்பிப்பது ஆங்கிலத்தில். "முதல் வருசம் கஷ்டமாம், அக்காமார் சொல்றவை. நான் இப்பவே பக்கத்தில எழுதி வைக்கிறன்."

நோட்டைத் திருப்பிக் காட்டினாள். இலத்திரனுக்கும் இழையுருமணிக்கும் (நம் மைட்டோகாண்ட்ரியா) பக்கத்தில் பொடிப்பொடியாக ஆங்கிலப் பெயர்கள். பென்சில்தான்.

கூலி வாங்க மாட்டேன் என்று அவள் அப்பா அடம்பிடித்தார். பையில் ஒடியல் மாப் பொட்டலம் வேறு, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவு. பலாலியில் பெட்டி இரண்டு கிலோ அதிகம் என்று நிறுத்தி, மூன்று பேர் மாறி மாறி எடை போட்டு, கடைசியில் ஒடியல் மாவைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விட்டார்கள்.

காத்திருக்கும் இடத்தில் போனைத் திறந்தால் மகனிடமிருந்து ஒரு படம். சமநிலைக் கணக்கு, இதே பாடம், ஆங்கிலத்தில். 'அம்மா, புரியல' என்று கீழே ஒரு வரி. விடையை எழுதி அனுப்ப நேரமில்லை. குரல் பதிவில் தமிழில் சொல்லி அனுப்பினேன், மூன்றரை நிமிடம். பக்கத்து இருக்கைக்காரர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.